நேரில் வந்து எடுத்துச் செல்க

பெப்ரவரி 24, திங்கள்

போன வெள்ளியோடு கடையின் ஷட்டர் இறங்கிவிட்டது. உடுப்பு வெளுத்துக் கொடுக்கும் கடை. பின்னறையில் இருந்து நீளம் குறைத்து, இடுப்பு பிடித்து, சிப் மாற்றித் தைப்பது என் வேலை. முதலாளி கடைசிச் சம்பளத்தைத் தந்து கைகுலுக்கினார். மெஷின்களை எடுக்க ஆள் வருமென்றார். வந்து ஏற்றிக்கொண்டும் போய்விட்டார்கள். எங்கே கொண்டுபோகிறார்கள் என்று கேட்கத் தோன்றவில்லை.

கடைக்கு வந்தவர்கள் இப்போது என் நம்பரைத் தேடிப் பிடித்து எடுக்கிறார்கள். யூலை, ஓகஸ்ட் பள்ளி விடுமுறைக்குள் சாமத்தியவீடுகள் வரிசையாக நிற்கின்றன. பிளவுஸ், பாவாடை, தோழிப் பிள்ளைகளுக்கு ஒரே நிறத்தில் உடுப்பு. வீட்டிலுள்ள சின்ன மெஷினுக்குப் பட்டுக்கரையும் கன்வஸும் ஒன்றாக வந்தால் மூச்சு முட்டுகிறது. வேண்டியது ஜூக்கி. டிடிஎல்-8700. நிமிடத்துக்கு 5,500 தையல் வரை போகக்கூடியது. புதிது வாங்க இப்போது வழியில்லை.

"ஏலத்தில பாரன். சும்மா மாதிரித் தள்ளி விடுறாங்கள்" என்றார் இவர்.

பெப்ரவரி 27, வியாழன்

லூட்டனில் ஒன்று. 91 பவுணுக்கு எனக்கே விழுந்தது! நேரில் போய்த்தான் எடுக்கவேண்டும். எப்போது வரலாமென்று கேட்டு எழுதியிருக்கிறேன்.

மார்ச் 2, ஞாயிறு

பதிலில்லை.

மார்ச் 4, செவ்வாய்

பதில் வந்தது. மாடியிலிருந்து இறக்கும்போது விழுந்து உடைந்துவிட்டதாம், மன்னிக்கவேண்டுமாம். காசைத் திருப்பிவிட்டார். மதியம் பார்த்தால் அதே மெஷின், அதே படம், மேசையின் இடப்பக்க மூலையில் அதே தேநீர்க் கறை. 350 பவுண். இனி ஏலமில்லை, விரும்பினால் உடனே வாங்கலாம்.

முறைப்பாடு எழுதினேன். உங்கள் கருத்துக்கு நன்றி என்று ஒரு தானியங்கிப் பதில்.

மார்ச் 9, ஞாயிறு

இரவெல்லாம் ஃபோனோடு கிடக்கிறேன். எடின்பரோவில் 40 பவுணுக்கு ஒன்று நிற்கிறது. போக 400 மைல். கார்டிஃபில் ஒருவர் செவ்வாய்க் காலை மட்டுமே வீட்டில் இருப்பாராம். இன்னொருவர், மேசையைத் தூக்க இரண்டு ஆண்கள் வேண்டும், நான் கைகொடுக்க மாட்டேன், நேரத்தை வீணாக்குகிறவர்கள் எழுதவேண்டாம் என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிறார். விளம்பரத்தை வாசிக்கும்போதே ஏச்சு வாங்கின மாதிரி இருக்கிறது.

இந்தச் சாமான்கள் மலிவாகப் போவதற்குக் காரணம் பாரம். தலை மட்டுமே முப்பது கிலோவுக்குக் கிட்ட வரும். அதன்கீழே மேசை, இரும்புக்கால், மோட்டார். தபாலில் போகாது. கூரியர்காரர் சொல்லும் தொகைக்கு இன்னொரு மெஷின் வாங்கலாம். விற்கிறவருக்கு வேண்டியது காசுமில்லை, அது நிற்கிற இடம். அதனால்தான் ஏலம் முடிகிறவரை இனிக்கப் பேசுகிறவர்கள், முடிந்ததும் இன்றைக்கே வந்து தூக்கு என்கிறார்கள், அல்லது காணாமல் போகிறார்கள்.

மகள் எட்டிப் பார்த்தாள். "அம்மா, நீங்கள் கேம் விளையாடுறீங்களா?"

மார்ச் 12, புதன்

அத்தான் ஒரு லிங்க் அனுப்பினார். லெஸ்டரில் தையல் ஆலை ஒன்று மூடி, உள்ளே இருப்பதையெல்லாம் லொட் லொட்டாக இணையத்தில் ஏலம் விடுகிறார்கள். ஜூக்கி மட்டும் ஒரு நிரை. இங்கே உடைந்துவிட்டது என்று ஒருவரும் கதைவிட முடியாது என்று நினைத்துக்கொண்டு விதிகளை வாசித்தேன். முடிகிற நேரத்தில் யாராவது விலை ஏற்றினால் கடிகாரம் மேலும் சில நிமிடம் நீளும். விழுந்த விலைக்கு மேல் ஏலக்காரருக்கு 20 சதவீதம். அந்த இரண்டும் சேர்ந்ததற்கு வாட் வரி இன்னொரு 20. ஓடுமா என்பதற்கு உத்தரவாதமில்லை. கழற்ற ஆயுதம் நாமே கொண்டுவரவேண்டும், பாதுகாப்புச் சப்பாத்து கட்டாயம். கொடுத்த நாட்களுக்குள் எடுக்காவிட்டால் சாமானும் போச்சு, காசும் போச்சு.

இந்த அவசரத்துக்கு வாடகைதான் காரணம் என்கிறார் அத்தான். கட்டடத்தை வெறுமையாக்கித் திறப்பைக் கொடுக்கும்வரை வாடகை ஏறிக்கொண்டேயிருக்குமாம்.

மார்ச் 15, சனி

படங்களைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பிளக்கைத் தேடுகிறேன். நீல வட்டப் பிளக் என்றால் வீட்டு மின்சாரத்தில் ஓடும் மோட்டார். சிவப்பென்றால் மூன்று ஃபேஸ், ஆலை மின்சாரம். எல்லாப் படத்திலும் பிளக் மேசைக்குப் பின்னால் தொங்குகிறது. ஏல அலுவலகத்துக்கு எடுத்தேன். படத்தில் உள்ளதுதான் விபரம் என்றாள் ஒரு பிள்ளை. படத்தில்தானே அது இல்லை என்றேன். உள்ளதை உள்ளபடி விற்கிறோம் என்றாள்.

சிவப்பு என்றே வைத்துக் கணக்குப் போட்டுவிட்டேன். பழைய மோட்டாரைக் கழற்றிவிட்டு சேர்வோ பூட்டலாம். சத்தமும் குறையும், கரண்டும் மிச்சம்.

மார்ச் 18, செவ்வாய்

140 பவுண். முடியவேண்டியது எட்டு மணி. யாரோ ஒருவர் ஒவ்வொரு முறையும் கடைசி நிமிடத்தில் ஐந்து பவுண் ஏற்ற, கடிகாரம் நீண்டு நீண்டு, ஒன்பதரைக்குத்தான் எனக்கு விழுந்தது. அவர் மேல் வந்த கோபத்தைச் சொல்லி மாளாது. பெயர் இல்லை, வெறும் இலக்கம். அவருக்கும் என் இலக்கம்தான் தெரிந்திருக்கும்.

140, அதில் 28, வரி 33.60. மொத்தம் 201 பவுண் 60 பென்ஸ். இன்னும் மெஷின் லெஸ்டரில்.

மார்ச் 19, புதன்

வெள்ளி காலை பத்திலிருந்து மூன்றுக்குள் எடுக்கவேண்டும். இவருக்கு அன்றைக்கு வேலை. அத்தானைக் கேட்டேன். "விடியக்காலமை மாக்கெற்றில மரக்கறி ஏத்தி, டூட்டிங்கில இறக்கிப்போட்டு வாறன் பிள்ளை. வான் கத்தரிக்காய் மணக்கும், பறவாயில்லையே?"

மார்ச் 21, வெள்ளி

எம்1 நெடுக மழை. இவருடைய வேலைச் சப்பாத்தை இரண்டு சோடி சொக்ஸ் போட்டு மாட்டிக்கொண்டு போனேன்.

ஆலை இரண்டாம் மாடியில். லிஃப்டை நிறுத்திவிட்டார்கள். வாசலில் மஞ்சள் ஜாக்கெட் போட்ட ஒரு அம்மா, அறுபது வயதிருக்கும், கையில் பட்டியலோடு நின்றார். என் இன்வொயிஸைப் பார்த்து இலக்கத்தில் ஒரு கோடு போட்டார். "ஆறாவது நிரை, ஜன்னல் பக்கம். வா, மி டக்" என்று லெஸ்டர்க்காரர் மாதிரியே கூப்பிட்டுக்கொண்டு முன்னே நடந்தார். நாங்கள் படியில் மூச்சு வாங்க, அவர் நிற்காமல் ஏறினார்.

மெஷின் படத்தில் பார்த்ததைவிடச் சுத்தம். மேசையின் வார்னிஷ் வலப்பக்கம் ஓரிடத்தில் மட்டும் தேய்ந்து மரம் வெளுத்திருந்தது. முன்கை கிடக்கும் இடம். இழுப்பறையில் நூல் சுற்றின பொபின்கள், எல்லாம் கடற்படை நீலம். பிளக் சிவப்பு.

நான் குனிந்து பெல்ட்டைக் கழற்றப் போனேன். அந்த அம்மா தடுத்தார். "முதலில் எண்ணெய். அப்படியே சரித்தால் உன் வானெல்லாம் எண்ணெய்தான்." தலையைப் பின்னால் சாய்த்துப் பிடித்து, தட்டில் நின்ற எண்ணெயை ஒரு பால் போத்தலுக்குள் வடித்தார். ஒரு சொட்டு வெளியே போகவில்லை. பிறகு முழங்காலால் பாதத்தைத் தூக்கும் கம்பியைக் காட்டி, அது கொஞ்சம் இடப்பக்கம் வளைத்திருக்கிறது, குள்ளமானவர்களுக்கு அதுதான் சுகம், நீயும் குள்ளம்தானே, மாற்றாதே என்றார். தடிப்புத் துணிக்குப் பதினாறாம் ஊசி போடு, நூலின் இறுக்கத்தைக் கால் சுற்றுத் தளர்த்து என்றார்.

இது யாருடையது என்று கேட்டேன்.

கம்பனியுடையது என்று சொல்லிச் சிரித்தார்.

அம்மாவோடு 1972 இல் கம்பாலாவிலிருந்து வந்தவராம். இடி அமீன் துரத்தின கூட்டத்தில். லெஸ்டர் நகரசபை அப்போது உகண்டா ஆர்கஸ் பத்திரிகையில், எங்கள் ஊர் நிரம்பிவிட்டது, வராதீர்கள் என்று விளம்பரம் போட்டது. "அதைப் பார்த்துத்தான் லெஸ்டர் என்று ஓர் ஊர் இருப்பதே எங்கள் வீட்டுக்குத் தெரியும்" என்றார். அவருடைய அம்மா பின்னல் ஆலைக்குப் போனார், இவர் பள்ளிக்கூடம் முடித்து மெஷினில் இருந்தார். இந்த வாரம் ஏலக்காரர் நாள்கூலிக்கு வைத்திருக்கிறார்கள். எந்த இலக்கம் எந்த மெஷின் என்று அவர்களுக்குத் தெரியவில்லையாம்.

ஏன் ஒன்றை ஏலத்தில் எடுக்கவில்லை என்று கேட்டேன். கொஞ்சத் தூரம் ஏற்றிப் பார்த்தேன், அந்தக் கமிஷனும் வரியும் சேர்ந்தால் கட்டாது என்றார். எந்த மெஷினுக்கு என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. அத்தான் மேசையின் மறுபக்கத்தைத் தூக்கிக்கொண்டு "பிடி பிள்ளை, பிடி" என்று கத்தினார்.

கீழே போய் வானை மூடும்போது அவர் இறங்கி வந்து பொபின்களை ஒரு பையில் போட்டுத் தந்தார். அவை பட்டியலில் இல்லையாம். மணி இரண்டே முக்கால். இன்னும் ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள்.

மார்ச் 22, சனி

இடுப்பு நிமிரவில்லை. எழுத ஒன்றுமில்லை.

மார்ச் 30, ஞாயிறு

மெஷினுக்கு இடம் வேண்டும். சாப்பாட்டு மேசையை விற்கப் போட்டேன். ஆறு கதிரையோடு, நேரில் வந்து எடுக்கவேண்டும் என்று. தபாலில் அனுப்புவீர்களா என்று ஒருவர். கதிரைகள் மட்டும் போதும் என்று இன்னொருவர். பதினொரு மணிக்கு வருகிறேன் என்றவருக்காக மேசையைத் துடைத்து, மகளைக் கோவிலுக்கு அனுப்பாமல் காத்திருந்தோம். வரவில்லை. விளம்பரத்தில் ஒரு வரி சேர்த்தேன்: நேரத்தை வீணாக்குகிறவர்கள் எழுதவேண்டாம்.

ஏப்ரல் 2, புதன்

சேர்வோ மோட்டார் வந்தது. இவர் வேலையால் வந்த களைப்போடு பூட்டித் தந்தார். எண்ணெய் விட்டு ஓடவிட்டேன். மேலே உள்ள சின்னக் கண்ணாடிக்குள் எண்ணெய் துள்ளியது. பழைய படுக்கை விரிப்பொன்றை மடித்துக் கொடுத்தேன், எட்டு மடிப்பையும் தயங்காமல் ஏறித் தைத்தது. கத்தினேன்! மகள் பயந்து ஓடிவந்தாள்.

கம்பி எனக்கு அளவாக இருக்கிறது. இன்று முதல் பிளவுஸ். நூல் பெட்டியைத் துழாவாமல் கடற்படை நீலத்தையே போட்டேன். சிவப்புப் பட்டுக்கு அது எடுபடாது. பிரித்துத் திருப்பித் தைத்தேன்.

ஏப்ரல் 6, ஞாயிறு

மேசை இன்னும் நடுவீட்டில்தான். மெஷினுக்கும் அதற்கும் இடையே ஒருக்களித்துத்தான் போகவேண்டும்.

அத்தான் மத்தியானம் இன்னொரு லிங்க் அனுப்பினார். அதே ஏலக்காரர், வேறு ஆலை. "ஓவர்லொக் ஒண்டும் வேணுமெண்டனியே பிள்ளை, வானுக்கு யோசியாதை." வேணும்தான். பிள்ளைகளின் பாவாடை ஓரங்களைக் கையால் மடித்துத் தைத்து முடிகிற காரியமில்லை. விலையும் இன்னும் ஏறவில்லை, இருபதில் நிற்கிறது. செவ்வாய் எட்டு மணிக்கு முடிகிறது. படங்களை இன்னும் திறக்கவில்லை.