வாசலோடு நின்ற மஞ்சள் பை

2021 தொடக்கத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் என் வழக்கறிஞர் அலுவலகத்துக்கு வந்தார். கல்யாண வீட்டில் தாம்பூலம் போட்டுக் கொடுத்த மஞ்சள் பை ஒன்றையும், எங்கள் ஊர்ப் பல்பொருள் அங்காடியின் பெயர் அச்சிட்ட சிவப்புப் பை ஒன்றையும் மேசைமேல் வைத்தார். கூடவே ஒரு பில். பருப்பு, சோப்பு, எண்ணெய் என்று போன பட்டியலின் கடைசியில் ‘கேரி பேக் 10.00’.

மஞ்சள் பையோடு கடைக்குள் நுழைந்தவரைக் காவலாளி நிறுத்தி, “பையை இங்க குடுத்துட்டு டோக்கன் வாங்கிக்குங்கம்மா” என்றிருக்கிறார். பில் போடும் இடத்தில், கேட்காமலே பொருள்களைச் சிவப்புப் பைக்குள் போட்டுவிட்டார்கள். “என் பை வாசல்ல இருக்கு” என்றதற்கு, “பில் போட்டாச்சுங்க” என்று பதில்.

“பத்து ரூபா போனாப் போகட்டும் தம்பி. வேலை பார்த்த காலமெல்லாம் பிளாஸ்டிக் வேண்டாம்னு பிள்ளைங்களுக்குச் சொன்னவ நான். கையோட பை கொண்டுபோனாலும் இன்னொண்ணை என் தலையில கட்டுறாங்களே, இதைக் கேக்கச் சட்டம் இல்லையா?”

இருந்தது. சில வாரங்களுக்கு முன்புதான், 2020 டிசம்பர் 22 அன்று, தேசிய நுகர்வோர் ஆணையம் இதே பிரச்சினையில் தீர்ப்பளித்திருந்தது. பையின் விலையை முன்கூட்டித் தெரிவிக்காமல், பணம் கட்டும் இடத்தில் வந்து சேர்ப்பது நேர்மையற்ற வணிக நடைமுறை என்பது அதன் முடிவு.

ஆனால் இத்தகைய வழக்குகள் பலவற்றில் வைக்கப்படும் ‘பையை இலவசமாகக் கொடு’ என்ற கோரிக்கையில் எனக்கு உடன்பாடில்லை. பைக்கு விலை இருக்கத்தான் வேண்டும். கடைக்காரர் இலவசமாகப் பை தரக்கூடாது என்று 2011ஆம் ஆண்டின் மத்திய அரசு விதிகளே சொல்லின. 2016 விதிகள் ஒருபடி மேலே போய், பிளாஸ்டிக் பை தரும் கடை உள்ளாட்சியில் பதிவு செய்து மாதம் குறைந்தது 4,000 ரூபாய் கட்டவேண்டும் என்றன. 2018இல் அந்தப் பிரிவை நீக்கிவிட்டார்கள். நல்ல விதி, போய்விட்டது. சும்மா கிடைக்கும் என்றால் வீட்டிலிருந்து யார் பை எடுத்து வருவார்கள்?

ஆகவே மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கொடுத்த மனுவில் பத்து ரூபாயைத் திருப்பிக் கேட்டதோடு, வாடிக்கையாளர் கொண்டுவரும் பையை உள்ளே அனுமதிக்க வேண்டும், பையின் விலையை நுழைவாயிலிலேயே எழுதி வைக்க வேண்டும் என்றும் கேட்டோம். டீச்சர் இழப்பீடு வேண்டாம் என்றார். நான்தான் வற்புறுத்திச் சேர்த்தேன்.

கடைத் தரப்பு பதிலுரையில் கொரோனா தொற்றைச் சொன்னார்கள், திருட்டைச் சொன்னார்கள். எல்லோரும் பிடித்துத் தள்ளும் தள்ளுவண்டியில் இல்லாத தொற்று மஞ்சள் பையில் மட்டும் எப்படி வரும்? திருட்டுப் பயம் இருந்தால் வெளியே போகும்போது பையைத் திறந்து பில்லோடு சரிபார்க்கலாமே. கடைசியாக அவர்கள் எழுதியிருந்த வரிதான் எனக்கு வேண்டியிருந்தது: தாங்கள் விற்றது சுற்றுச்சூழலுக்கு உகந்த துணிப்பை.

விசாரணையன்று இரண்டு பைகளையும் ஆணையத்தின் முன் வைத்தேன். மஞ்சள் பையை வெளிச்சத்தில் பிடித்தால் பாவும் ஊடையும் தெரியும். ஓரத்தில் இழுத்தால் நூல் வரும். சிவப்புப் பையில் நூலே கிடையாது. அது பாலிபுரொப்பிலீன் இழைகளைச் சூட்டில் அழுத்தி ஒட்டவைத்தது. அதுவும் பிளாஸ்டிக்தான். சில மாதம் வெயில் பட்டால் பொடிப்பொடியாக உதிர்ந்து மண்ணில் கலந்துவிடும். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்ட பொருள்களின் பட்டியலில் இந்த நெய்யாத பையும் இருக்கிறது. உயர் நீதிமன்றமும் அந்தத் தடையை அதே ஆண்டில் உறுதி செய்திருந்தது. (2023இல் உச்ச நீதிமன்றம் கனமான நெய்யாத பைகளை மட்டும் மறுபரிசீலனை செய்யச் சொன்னது. எங்கள் வழக்கின்போது தடை முழுமையாக இருந்தது.) சொந்தப் பையை வாசலில் பிடுங்கி வைத்துக்கொண்டு, விற்கக்கூடாத பையைக் காசுக்கு விற்றிருக்கிறார்கள் என்று வாதிட்டேன். பெண் உறுப்பினர் சிவப்புப் பையின் விளிம்பை விரலால் சுரண்டிப் பார்த்துவிட்டு எதிர்த்தரப்பு வழக்கறிஞரிடம், “இதைத் துணின்னு எப்படி எழுதினீங்க?” என்று கேட்டார். பதில் வரவில்லை.

அடுத்த ஆண்டு உத்தரவு வந்தது. பத்து ரூபாயும் சிறு இழப்பீடும் செலவுத் தொகையும் தரவேண்டும்; சொந்தப் பையைத் தடுக்கக்கூடாது; விலையை வாசலில் அறிவிக்கவேண்டும். தடை செய்த பையை விற்றது பற்றி நடவடிக்கை எடுக்கவேண்டியது உள்ளாட்சியும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் என்று ஆணையம் ஒதுங்கிக்கொண்டது. தடையுள்ள பொருளை நுகர்வோருக்கு விற்பதே நேர்மையற்ற வணிகம்தான். அந்த இடத்தில் ஆணையம் இன்னும் ஓரடி முன்னே போயிருக்க வேண்டும் என்றே இன்றும் நினைக்கிறேன்.

கடைக்குப் போகும்போது பை எடுத்துச் செல்லுங்கள். வாசலில் தடுத்தால் காரணம் கேளுங்கள், பில்லைப் பத்திரமாக வைத்திருங்கள். இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான கொள்முதலுக்குக் கட்டணம் கிடையாது. வக்கீல் வைக்கவேண்டிய கட்டாயமும் இல்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.