விடிய விடிய விழித்திருந்தோம்

வாசற்படி தாண்டவே யோசிக்கிற என் மாமியார், 2023 மே மாதம் திடீரென்று, "மெலட்டூருக்குப் போகணும்மா. பிரகலாதன் நாடகம் பார்க்கணும். இனிமே எனக்கு எப்ப முடியும்?" என்று கேட்டார்.

அத்தைக்கு எழுபத்திரண்டு வயது. சர்க்கரை வேறு. பிறந்த ஊர் பாபநாசம் பக்கம். சின்ன வயதில் அவர் அப்பா தோளில் உட்கார்ந்து பார்த்த நாடகமாம்.

"கத்திரி வெயில்ல ராத்திரி முழுக்க கண் முழிச்சு நாடகமா!" என்று என் வீட்டுக்காரர் சிரித்தார். அவர் மனசு வேறு விஷயத்தில் இருந்தது. எங்கள் மகன் பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருந்தான். அவனை வெளியூரில் ஹாஸ்டலோடு சேர்ந்த ஒரு பள்ளியில் விட்டு, நீட் தேர்வுக்குத் தயார் செய்யவேண்டும் என்பது அவர் முடிவு. படிவம் ஃபிரிட்ஜ் மேல் பத்து நாளாகக் கிடந்தது. தாயார் கையெழுத்துக்கு அதில் ஓர் இடம் உண்டு. பையனுக்குப் போக இஷ்டமில்லை என்று எனக்குத் தெரியும். "நீயே அவன்கிட்ட பக்குவமா சொல்லிடு" என்று அவர் என் தலையில் கட்டிவிட்டார். நானும் நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிக்கொண்டிருந்தேன். ஒருநாள் வீட்டை விட்டுப் போனால் போதும் என்றிருந்தது, கிளம்பிவிட்டேன்.

எங்கள் மேல்பட்டாம்பாக்கம் ஸ்டேஷனில் பாசஞ்சர் ஏறினோம். கடலூர், சிதம்பரம், கொள்ளிடம் பாலம் எல்லாம் தாண்டி மயிலாடுதுறையில் வண்டி மாறி, பாபநாசத்தில் இறங்கி பஸ். பையில் மிளகாய்ப்பொடி தடவிய இட்லி, ஒரு பாட்டில் மோர், பாய், மாத்திரை டப்பா. சர்க்கரைக்காரர்களை அழைத்துப் போகிறவர்கள் ஒன்றை மறக்கக்கூடாது. மாத்திரை போட்டுவிட்டுச் சாப்பாட்டைத் தள்ளிப்போட்டால் சர்க்கரை மளமளவென்று இறங்கிவிடும். அதனால் இனிப்பே தொடக்கூடாதவருக்காக என் கைப்பையில் நாலு சாக்லேட்!

மெலட்டூர் பாகவத மேளாவைப் பற்றிக் கேள்விப்படாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லவேண்டும். தஞ்சை நாயக்க மன்னர் அச்சுதப்ப நாயக்கர் ஆந்திரத்திலிருந்து வந்த குடும்பங்களுக்கு வீடும் நிலமும் தந்து குடிவைத்த ஊர் இது. அச்சுதபுரம் என்று அவர் பெயரே ஊருக்கு இருந்ததாம். பிறகு இங்கே வாழ்ந்த வெங்கடராம சாஸ்திரி தெலுங்கில் இயற்றிய நாட்டிய நாடகங்களைத்தான் இன்றும் ஆடுகிறார்கள். பாட்டு, வசனம், அபிநயம், ஜதி எல்லாம் கலந்தது. வெளிநாட்டில் ஆப்பரா என்கிறார்களே, கிட்டத்தட்ட அது மாதிரி. ஆஸ்திரியாவில் சால்ஸ்பர்க் என்ற ஊரில் 1920 முதல் கோடைதோறும் அப்படி விழா நடக்கிறது. நமக்குக் கோடையில் நரசிம்ம ஜெயந்தி. டிக்கெட் கிடையாது, தெருவில் பாய் விரிக்க வேண்டியதுதான்.

பெண் வேஷமும் ஆண்களே போடுகிறார்கள். வங்கியிலும் ஆபீசிலும் வேலை பார்க்கிறவர்கள் லீவு போட்டு ஊருக்கு வந்து ஆடுகிறார்களாம். வரதராஜப் பெருமாள் சந்நிதிக்கு எதிரில் மேடை. பெருமாள் பார்க்க நாடகம், நாமெல்லாம் கூட இருந்து பார்க்கிறோம், அவ்வளவுதான். முதலில் கோணங்கி வந்து குதித்தான். அப்புறம் யானை முகமூடியோடு ஒரு சின்னப் பையன் பிள்ளையாராக வந்தான். பக்கத்தில் இருந்த கைக்குழந்தைகள்கூட அழுகையை நிறுத்திப் பார்த்தன.

எங்கள் வீட்டுத் தெலுங்கு பாதிக்குமேல் தமிழ். அந்தச் செய்யுள் தெலுங்கு எனக்குப் பிடிபடவில்லை. அத்தைதான் காதோரம் சொல்லிக்கொண்டு வந்தார். ஆனால் லீலாவதி வந்தபிறகு சொல்ல வேண்டியிருக்கவில்லை.

லீலாவதி பிரகலாதனின் அம்மா. பிள்ளைக்கு விஷம் கொடு என்று புருஷன் உத்தரவு. மறுத்தால் பதிவிரதை இல்லை, கொடுத்தால் தாய் இல்லை. கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவள் பையனைப் பார்க்கிறாள், திரும்புகிறாள், மறுபடி பார்க்கிறாள். வேஷம் போட்டிருப்பவர் ஆண் என்பது எனக்கு எப்போதோ மறந்துபோயிற்று. பாடுகிறவர்கள் அதே வரியைத் திரும்பத் திரும்ப இழுக்கிறார்கள், அவள் கை மட்டும் நடுங்குகிறது. எனக்கு ஃபிரிட்ஜ் மேலிருந்த படிவம் ஞாபகம் வந்தது. ஹாஸ்டல் என்ன விஷமா? எத்தனையோ பிள்ளைகள் அங்கே நன்றாகப் படிக்கவில்லையா? எனக்கே இது அதிகப்படியாகத் தோன்றியது. இருந்தும் கண்ணில் தண்ணீர் நிற்கவில்லை.

கடைசியில் நரசிம்மர். அந்த முகமூடியைக் கோயிலில் வைத்துப் பூஜை செய்கிறார்கள். அதை அணிகிறவர் விரதம் இருக்கிறார். தூண் பிளந்து அவர் வந்தபோது நாலைந்து பேர் பிடித்து நிறுத்த வேண்டியிருந்தது. அத்தை எழுந்து நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். கிழக்கு வெளுத்துக்கொண்டிருந்தது.

திரும்பும் ரயிலில் இட்லி மிச்சத்தைச் சாப்பிட்டபடி அத்தையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். உங்கள் பிள்ளையைப் பற்றித்தான் குறை சொல்கிறேன் என்று தயக்கமாகவும் இருந்தது. அத்தை தண்ணீர் குடித்துவிட்டு நிதானமாகச் சொன்னார்: "என் புள்ள ஒண்ணும் இரணியன் இல்லைம்மா. சொன்னா கேட்பான். நீதான் சொன்னதே இல்ல."

வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு, காபி கொடுக்கும்போது சொன்னேன். "நான் கையெழுத்துப் போடலைங்க. அவன்கிட்டே சொல்லவும் மாட்டேன். அவனுக்கு என்ன இஷ்டம்னு நீங்களே ஒரு தடவை கேளுங்க." காபி ஆறிப்போயிற்று. ரெண்டு நாள் பேச்சில்லை. மூன்றாம் நாள் சாயங்காலம் அப்பாவும் பிள்ளையும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு எங்கேயோ போய், இருட்டிய பிறகுதான் வந்தார்கள். என்ன பேசினார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

பையன் பக்கத்து ஊரிலேயே பிளஸ் ஒன் சேர்ந்தான். மார்க் குறைந்தபோதெல்லாம், "அன்னைக்கே சேர்த்திருந்தா..." என்று அவர் ஆரம்பிப்பார், முடிக்கமாட்டார்.

அந்தப் படிவத்தை நான் தேடவில்லை. ஒருநாள் துடைப்பதற்காக அத்தையின் மாத்திரை டப்பாவைக் கவிழ்த்தேன். அடியில் நாலாக மடித்துப் போட்டிருந்தார்.