பாதி வழிக் கணக்கு

பேஸ்பால் என்ற சொல்லைக் கண்டதும் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள், சகோதரிகளே! தொடர்கதை எங்கும் ஓடிப் போய்விடாது. நான் சொல்ல வந்தது ஆட்டத்தைப் பற்றிக்கூட அல்ல. ஆட்டம் தொடங்குமுன், இந்த வருஷம் எந்தக் கோஷ்டி எத்தனை ஜயிக்கும் என்று ஒரு கணவனும் மனைவியும் நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்த ஜோசியத்தைப் பற்றி.

2025 மார்ச்சில் அக்காவின் பிரசவத்துக்காக ஸியாட்டில் நகரத்துக்குப் போயிருந்தேன். அமெரிக்காவின் வடமேற்கு மூலை. மழை, விட்டால் தூறல். பத்தியச் சமையலுக்கும் குழந்தை குளிப்பாட்டலுக்கும் நடுவில் எனக்குப் பேச்சுத் துணையாக வாய்த்தவர் அடுத்த வீட்டு அம்மாள். வயது எழுபத்தெட்டு. கணவர் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர்; அந்த ஜனவரியில்தான் காலமாகியிருந்தார்.

ஒருநாள் அந்த அம்மாள் ஒரு தடித்த நோட்டுப் புத்தகத்தோடு வந்து சேர்ந்தார்.

"உனக்குக் கூட்டவும் வகுக்கவும் தெரியுமா, குழந்தாய்?" என்று கேட்டார்.

பத்திரிகைக்காரியைப் பார்த்துக் கேட்கக்கூடிய கேள்வியா இது? ஏதோ சுமாராக வரும் என்றேன்.

ஸியாட்டில் மாரினர்ஸ் என்ற கோஷ்டி பிறந்தது 1977-இல். மறு வருஷத்திலிருந்து அந்த நோட்டில் வருஷத்துக்கு ஒரு பக்கம். இடப்பக்கப் பத்தி அவருடையது, வலப்பக்கப் பத்தி அம்மாளுடையது. பருவம் முடிந்ததும் யாருடைய எண்கள் அதிகமாகத் தவறினவோ அவர் குளிர்காலம் முழுவதும் ராத்திரிப் பாத்திரம் தேய்க்க வேண்டும். இதுதான் பந்தயம்.

வாத்தியார் கையாண்ட முறை அட்டையிலேயே எழுதியிருந்தது. இப்போது அங்கே 30 கோஷ்டிகள் ஆடுகின்றன. மார்ச் கடைசியிலிருந்து செப்டம்பர் கடைசி வரை ஒவ்வொன்றுக்கும் 162 ஆட்டங்கள். பாதி என்றால் 81. சென்ற வருஷத்து வெற்றிகளோடு 81-ஐக் கூட்டி இரண்டால் வகுக்க வேண்டியது. அரை வந்தால் தள்ளிவிட வேண்டியது. தீர்ந்தது ஜோசியம்! அதாவது, உச்சியில் இருந்தவன் பாதி வழி இறங்குவான். பள்ளத்தில் இருந்தவன் பாதி வழி ஏறுவான்.

இது என்ன சிறுபிள்ளை விளையாட்டு என்றுதான் எனக்கும் தோன்றியது. யோசித்துப் பார்த்தால் நம் வீட்டு மாவடு விவகாரமேதான். ஒரு வருஷம் மாவடு அபாரமாக அமைந்துவிட்டால் அதில் பாதி நம் கைமணம். பாதி அந்த வருஷத்து மாங்காய். கைமணம் அடுத்த வருஷமும் கூட வரும். மாங்காய் வருமா? பேஸ்பாலில் நூறு ஆட்டம் ஜயிக்கிற கோஷ்டியும் அறுபது ஆட்டம் தோற்கத்தான் செய்கிறது. ஒரு ரன்னில் தப்பிய ஆட்டங்கள், கை முறியாமல் பிழைத்த பந்து வீச்சாளர்கள் எல்லாம் அந்த நூறில் அடக்கம்.

அத்திம்பேர் கம்ப்யூட்டர்காரர். இதைப் பார்த்துச் சிரிப்பார் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. டாம் டாங்கோ என்ற நிபுணர் ஆட்டக்காரர்களுக்கென்று ஒரு கணக்கு வகுத்து, குரங்குகூடப் போட்டுவிடும் என்பதால் 'மார்ஸெல்' என்று ஒரு குரங்கின் பெயரையே அதற்கு வைத்திருக்கிறாராம். கடைசி மூன்று வருஷங்களை எடுத்துக்கொண்டு, சராசரியை நோக்கி இழுப்பதுதான் அதிலும் சூட்சுமம். பெரிய பெரிய யந்திரக் கணக்குகள் இந்தக் குரங்கை மயிரிழையில்தான் முந்துகின்றனவாம். 2015-இல் 'பெகோட்டா' என்ற பிரசித்தமான கணக்கு கன்ஸாஸ் ஸிட்டிக்கு 72 வெற்றி என்று சொல்லிற்று. அவர்கள் 95 ஆட்டம் ஜயித்து, வேர்ல்ட் ஸீரீஸ் என்னும் இறுதிப் பந்தயத்தையும் தட்டிக்கொண்டு போனார்கள்.

பழைய பக்கங்களைப் புரட்டினேன். 2001-ஆம் வருஷப் பக்கத்தில் காபிக் கறை. ராண்டி ஜான்ஸன், கென் கிரிஃபி, அலெக்ஸ் ராட்ரிகஸ் என்று மூன்று மகா வீரர்கள் ஒருவர் பின் ஒருவராக ஸியாட்டிலை விட்டுப் போயாகிவிட்டது. கடைசியாகப் போனவருக்கு டெக்ஸஸ் கோஷ்டி பத்து வருஷத்துக்கு 25 கோடியே 20 லட்சம் டாலர் கொடுத்தது! வந்தவரோ ஜப்பானிலிருந்து இச்சிரோ என்ற ஒல்லியான மனிதர். வாத்தியார் 86 என்று எழுதினார். அம்மாள் 90. கோஷ்டி ஜயித்தது 116! 1906-இல் சிகாகோ கப்ஸ் செய்த சாதனைக்குச் சமம். ஆனால் நியூயார்க் யாங்கிகளிடம் தோற்று, இறுதிப் பந்தயத்துக்குப் போகாமலே வீடு திரும்பியது. 30 கோஷ்டிகளில் 2025 முடியும் வரை அந்த வாசலை மிதிக்காதது ஸியாட்டில் ஒன்றுதான்.

அடுத்த பக்கத்தில் ஒன்று கண்ணில் பட்டது. 116-க்குப் பாதி வழி 98½. அரையைத் தள்ளினால் 98. வாத்தியார் 99 என்று எழுதியிருந்தார். கணக்கு வாத்தியாருக்கும் கை தவறும் போலிருக்கிறது என்று எண்ணிக்கொண்டேன்.

2025-ஆம் வருஷப் பக்கத்தில் வலப்பக்கம் நிறைந்திருந்தது. இடப்பக்கம் காலி.

"அதை நீ எழுது" என்றார் அம்மாள், மழையைப் பார்த்துக்கொண்டு.

குழந்தை தூங்கிய நேரத்தில் 29 கோஷ்டிகளுக்கு எழுதிவிட்டேன். ஸியாட்டிலிடம் வந்ததும் பேனா நின்றது. சென்ற வருஷம் 85. பாதி வழி 83. அம்மாளோ 95 போட்டிருந்தார். துக்க வீடு. ஒரு தொண்ணூறாவது போட்டால் என்ன, குடியா முழுகிவிடும்? அரை மணி நேரம் அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்து, கடைசியில் 83 என்றே எழுதிக் கொடுத்தேன்.

அம்மாள் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பத்தி முழுவதையும் மெதுவாகப் படித்தார். ஸியாட்டிலில் விரலை வைத்தார்.

"ஆமாம். இதைத்தான் எழுதியிருப்பார்" என்றார். அப்புறம் சமையலறைப் பக்கம் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார்.

நான் சென்னைக்குத் திரும்பியும் கணக்கை விடவில்லை. சிகாகோ ஒயிட் ஸாக்ஸ் 2024-இல் 121 ஆட்டம் தோற்று, 41-தான் ஜயித்திருந்தது. அதற்கு 61 எழுதியிருந்தேன், 60 வந்தது. தலைகால் புரியவில்லை எனக்கு! கொலராடோவுக்கு எழுதிய 71 என் கர்வத்தை அடக்கிற்று. அவர்கள் ஜயித்தது 43. முந்தின வருஷம் தன் பிரிவில் கடைசியாக நின்ற டொரன்டோவுக்கு எழுதியது 77, வந்ததோ 94. ஸியாட்டிலுக்கு 90.

அந்த டொரன்டோவும் ஸியாட்டிலும்தான் அரை இறுதியில் மோதின. ஆறு ஆட்டத்தில் ஆளுக்கு மூன்று. ஏழாவது ஆட்டம் நமக்குத் தீபாவளிக்கு மறுநாள் காலை. ஏழாவது இன்னிங்ஸ் வரை ஸியாட்டில் 3, டொரன்டோ 1. வீட்டில் பட்சணம் பங்கிட்டுக்கொண்டிருந்தார்கள். நான் கைப்பேசியும் கையுமாக நின்றேன். ஜார்ஜ் ஸ்பிரிங்கர் என்பவர் ஓர் அடி அடித்தார். மூன்று ரன். 4-3 என்று ஆட்டம் முடிந்துவிட்டது. காபி ஆறிப் போயிற்று.

நவம்பரில் அம்மாளிடமிருந்து கடிதம் வந்தது. ஸியாட்டில் விஷயத்தில் அவர் ஐந்து தவறு, நான் ஏழு. மொத்தத்தில் என் பத்தி ஜயித்துவிட்டதாம். "அதனால் பாத்திரம் என் பொறுப்பு. ஒரு தட்டு, ஒரு கோப்பை. சீக்கிரம் முடிந்துவிடுகிறது" என்று எழுதியிருந்தார். கீழே: "2026-க்கு உன் பத்தியை மார்ச்சுக்குள் அனுப்பு."

சென்ற முறை நோட்டைப் படம் பிடித்து வைத்திருந்தேன். அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஸியாட்டில் 90; பாதி வழி 85½. அரை! பழைய பக்கங்களைத் தேடினேன். 2008-இல் 84½ வர வேண்டிய இடத்தில் 85. 2024-இலும் அப்படியே 85. மற்றக் கோஷ்டிகள் ஒன்றுக்குக்கூட வாத்தியார் அரையைக் கொடுத்ததாகத் தெரியவில்லை.

நானும் 86 என்று எழுதி அனுப்பினேன்.