ஒப்புருவாக்கம்: ஒரு சொல்லும் அதன் பொறுப்பும்

கலைச்சொல்லாக்கம் அகராதியைப் புரட்டுவதோடு முடியும் பணியன்று. பொருளை உணர்ந்த பின்னரே சொல் வாய்க்கும். தமிழ் கற்பிக்கும் யான் வெப்ப இயலைச் சிறிது பயில நேர்ந்ததும் 'சிமுலேஷன்' என்னும் ஒரு சொல்லின் பொருட்டே.

பத்து நானோநொடி, அதாவது ஒரு நொடியின் பத்துக் கோடியில் ஒரு பங்கு நேரமே நீடிக்கும் லேசர்த் துடிப்பொன்று செப்பின்மேல் படுகிறது. அந்நேரத்துள் வெப்பம் ஏறத்தாழ 1 மைக்ரோமீட்டர் ஆழமே உட்செல்லும். ஒரு நொடி கிடைப்பின் 1 சென்டிமீட்டர் அளவு செல்லும். காலம் நூறு மடங்காயின் தொலைவு பத்து மடங்கே ஆகும் என்பது வெப்பப் பரவலின் இயல்பு.

அத்துணை மெல்லிய அடுக்கினுள் வெப்பமானி வைத்து அளத்தல் இயலாது. ஆகவே, பிரெஞ்சு அறிஞர் ஃபூரியே 1822இல் வெளியிட்ட நூலில் விளக்கிய வெப்பக் கடத்தல் சமன்பாட்டை ஆய்வாளர் நாடுகின்றனர். செப்பை மெல்லிய ஏடுகளாகப் பகுத்து, ஓர் ஏடு அடுத்த ஏட்டுக்கு வழங்கும் வெப்பத்தைக் கணிப்பொறியில் படிப்படியாகக் கணக்கிடுகின்றனர். இதன் எளிய முறையில், ஏட்டின் தடிமன் பாதியானால் காலப்படி கால் பங்காக வேண்டும். 0.1 மைக்ரோமீட்டர் தடிமனுள்ள செப்பேட்டுக்கு ஒரு படி ஏறத்தாழ 45 பிக்கோநொடியைத் தாண்டலாகாது. தாண்டினால், இயற்கையில் இல்லாத வெப்பநிலைகள் திரையில் தோன்றும்.

எண்கள் அடங்கி நடப்பினும் அவை உண்மையாகிவிடா. செப்பு எவ்வளவு ஒளியைத் திருப்பி அனுப்புகிறது, எப்போது உருகுகிறது என்பனவும் கணக்கில் சேர வேண்டும். துடிப்பு ஃபெம்டோநொடி அளவினதாயின், எலெக்ட்ரான்கள் முதலில் சூடேறிப் பின்னரே அணுக்கோவைக்கு வெப்பத்தைத் தருகின்றன. அங்கே ஒற்றை வெப்பநிலைக் கணக்கு பொருந்தாது. அனிசிமோவ் குழுவினர் 1974இல் இரு வெப்பநிலைக் கணக்கை வகுத்தது இதன் பொருட்டே.

இத்துறையில் ஆய்வு செய்யும் மாணவி ஒருவரிடம், "பாவனை எனலாமா?" என்று கேட்டேன்.

"நடிப்பு என்று பொருள்பட்டுவிடுமே, ஐயா" என்றார்.

அவர் தயக்கம் நியாயமானது. ஆதலின் 'ஒப்புருவாக்கம்' என்பதையே இருவரும் ஏற்றோம். 'ஒப்பு' என்பது ஒத்திருத்தலையும் சுட்டும், ஒப்பிடுதலையும் சுட்டும்.

துளையிடவும் உலோகங்களை இணைக்கவும் லேசரின் ஆற்றலைத் தேர்வோர் இத்தகைய கணக்குகளின் துணையை நாடுவதுண்டு. கணக்குப் பிழைத்தால் உருகக் கூடாத இடம் உருகும். ஆகவே, திரையில் விரியும் வண்ணப் படத்தைக் கண்டு மயங்காமல், ஆய்வகத்தில் பெற்ற அளவுகளோடு அதனை ஒப்பிட்டு, பொருந்தும் எல்லையையும் உடனெழுதுவதே ஆய்வறம். மாணவச் செல்வங்கள் சொல்லைக் கற்கும்போதே அது சுமத்தும் இக்கடமையையும் கற்பார்களாக!