அரக்கு நிறத்தில் ஊர்

என் வயதுப் பம்பாய்த் தமிழர்களுக்கு ஊரின் நிறம் பச்சை அல்ல, அரக்கு. மெட்ராஸ் மெயில், தாதர் எக்ஸ்பிரஸ், நாகர்கோவில் எக்ஸ்பிரஸ் எல்லாமே அரக்குப் பெட்டிகள். நாடு முழுக்க அதே நிறம்தான் ஓடுகிறது என்று தெரியாத வயது அது. தினமும் கண்ணில் படும் லோக்கல் வண்டி மஞ்சளும் பழுப்பும். ஆபீசுக்கும் மில்லுக்கும் ஆளை ஏற்றிப் போவது. அரக்கு வண்டி கடந்து போனால் யாரோ ஊருக்குப் போகிறார்கள். மே மாதம் வந்தால் நாமும் போவோம்.

தாராவிக்கு ஒரு பக்கம் மத்திய ரயில்வே, மறுபக்கம் மேற்கு ரயில்வே. அங்கே வளர்ந்த பிள்ளைகள் சத்தத்தை வைத்தே வண்டியைச் சொல்வார்கள். செம்பூரில் இருந்த எங்களுக்கு ஹார்பர் லைன் லோக்கலை விட்டால் வேறு காட்சி கிடையாது. பெரிய வண்டி பார்க்க வேண்டுமென்றால் மாட்டுங்கா வந்து இசட் பாலத்தில் ஏற வேண்டும். இட்லி மாவுக்கும் பூவுக்கும் அம்மா மாட்டுங்கா மார்க்கெட்டுக்குக் கிளம்பினால், கூடவே தொற்றிக்கொள்வது அதற்காகத்தான்.

பாலத்தின் ராணி டெக்கான் குவீன். மாலை 5.10க்கு வி.டி. ஸ்டேஷனை விட்டால் பத்துப் பதினைந்து நிமிடத்தில் மாட்டுங்காவைத் தாண்டும். அரக்குக் கூட்டத்தில் அது மட்டும் நீலமும் வெள்ளையும், ஒரு சிவப்புக் கோடும். 1930 ஜூன் 1இல் முதன்முதலாக ஓடியபோது அதற்கு இரண்டு ரேக்குகள், ரேக்குக்கு ஏழு பெட்டிகள். ஒன்றுக்கு வெள்ளி நிறத்தில் கருஞ்சிவப்பு விளிம்பு, இன்னொன்றுக்கு ராஜநீலத்தில் தங்கக் கோடு. அடிச்சட்டம் இங்கிலாந்திலிருந்து வந்தது. மேலே பெட்டியைக் கட்டியது மாட்டுங்கா ஒர்க்‌ஷாப். எங்களுக்குப் பாலத்தருகே மதில் சுவராக மட்டும் தெரிந்த இடம் அது. உள்ளே போன பெட்டி தோலுரித்துப் புதுச்சாயம் பூசிக்கொண்டு, மாப்பிள்ளை மாதிரி வெளியே வரும்.

ஊருக்குப் போகும்போது நிறங்கள் இன்னும் பேசும். கர்ஜத்தில் வண்டிக்குப் பின்னால் கூடுதல் என்ஜின்களை மாட்டுவார்கள். போர் காட் மலையேற்றத்தில் 37 அடி நகர்ந்தால் ஓரடி ஏற வேண்டும், முன்னால் உள்ளது மட்டும் இழுத்தால் நடக்காது. மாட்டி முடிக்கும் வரை வடாபாவ் தின்னலாம். பூனாவில் மின்சார என்ஜின் விடைபெறும், டீசல் வந்து சேரும். அங்கிருந்துதான் எங்கள் வேட்டை. அந்தக் காலத்து டபிள்யூ.டி.எம்.-2 டீசலுக்கு ஷெட்டுக்கு ஷெட் பூச்சு வேறு. கோடு எங்கே வளைகிறது, பட்டை எவ்வளவு அகலம் என்பதை வைத்தே தூரத்தில் வரும்போது ஊரைச் சொல்லிவிடலாம். பக்கத்தில் வந்ததும் பெயரைப் படித்துச் சரிபார்ப்போம். பூனா, குத்தி, ஈரோடு, பொன்மலை. காட்பாடிப் பக்கம் ஈரோடு என்று எழுதிய டீசல் ஒன்று எதிர்ப்பட்டதும், இரண்டு நாளாகப் படுத்தே கிடந்த அத்தைகள் எழுந்து தலை வார ஆரம்பிப்பார்கள்.

இந்த நிறங்கள் போனதற்கு யாருடைய ரசனையும் காரணமில்லை. வேக்குவம் பிரேக் போய் ஏர் பிரேக் வந்தது. இரண்டையும் ஒரே வண்டியில் கலந்து மாட்ட முடியாது என்பதால், ஏர் பிரேக் பெட்டிக்கு நீலம் பூசினார்கள். 1990களில் அரக்கு குறைந்து நீலம் பெருகியது அப்படித்தான். பெரம்பூர் ஐ.சி.எஃப். தன் பழைய வகைப் பெட்டிகளைக் கட்டுவதை 2018 ஜனவரியில் நிறுத்தியது. இப்போது எங்கும் சிவப்பு எல்.எச்.பி. பெட்டிகள். விபத்தில் ஒன்றின் மேல் ஒன்று ஏறாத பெட்டிகள் அவை. குறை சொல்ல வாய் வராது. டெக்கான் குவீனும் 2022 ஜூனில் எல்.எச்.பி.க்கு மாறி, பச்சையும் சிவப்புமாகிவிட்டது. பூனாவுக்குத் தெற்கேயும் மின்கம்பி போட்டாயிற்று, என்ஜின் மாற்றும் வேலை இல்லை. லோக்கல் வண்டிக்கும் அதே கதைதான். 1925 பிப்ரவரி 3இல் வி.டி.யிலிருந்து குர்லாவுக்கு ஹார்பர் வழியில் 1,500 வோல்ட் டி.சி.யில் தொடங்கிய மின்ரயில், 2016 ஏப்ரலில் அதே ஹார்பர் வழியில்தான் டி.சி.யை விட்டது. அதற்கு முன்பே, 2007 முதல், சீமென்ஸ் ரேக்குகள் வெள்ளையும் ஊதாவுமாக வந்துவிட்டன. மஞ்சள்-பழுப்பு போனதோடு, அதன் மோட்டாரின் உறுமலும் போனது.

போனதை வீட்டுக்குள் ஓட்டிப் பார்க்கலாம் என்று எங்களில் சிலர் மாடல் கட்டுகிறோம். ஆசையை மூட்டிவிட்டது பூனாவில் கோத்ரூடு பக்கம் உள்ள ஜோஷி குட்டி ரயில் மியூசியம். 1998 முதல் இருக்கிறது. வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டால்தான் சங்கடம். 87இல் ஒரு பங்கு அளவில் ஐ.சி.எஃப். பெட்டி ஒன்று கிட்டத்தட்ட 24 சென்டிமீட்டர். பதினெட்டுப் பெட்டி நாகர்கோவில் எக்ஸ்பிரஸை முழுசாகக் கட்டினால் நாலே கால் மீட்டருக்கு மேல். தாராவியில் கோலி என்கிற பத்துக்குப் பத்து அறையின் நீளமோ மூன்று மீட்டர். வண்டியின் வால் பக்கத்து வீட்டில்தான் நிற்கும். அதனால் ஒரு என்ஜின், மூன்று பெட்டி, ஒரு பிரேக் வேன் என்று முடித்துக்கொள்கிறோம். தண்டவாளமும் நமக்காகச் செய்தது அல்ல. நம் அகலப் பாதை இந்த அளவில் 19 மில்லிமீட்டருக்கு மேல் வர வேண்டும். கடையில் கிடைப்பது 16.5. டபிள்யூ.டி.எம்.-2 குறுகிய பாதையில் இடுப்பு அகன்று நிற்கும். உடம்பைத் தாராவி அட்டையிலும் சன்போர்டிலும் வெட்டி ஒட்டிவிடலாம். அதில் சண்டை வராது.

சண்டை சாயத்தில்தான். அரக்கில் கருப்பு கொஞ்சம் கூட வேண்டும் என்பார் ஒருவர். செங்கல் பொடி மாதிரி இருந்ததாக்கும் என்பார் இன்னொருவர். பழைய ஃபோட்டோவை எடுத்தால் அதுவும் வெளிறி மூன்றாவது நிறம் காட்டும். மாட்டுங்காவுக்குப் போய்வந்த பெட்டி, அடுத்த முறை உள்ளே போகப் பல மாதம் ஆகும்; அதற்குள் போர் காட் மழையும் ராயலசீமை வெயிலும் அதன் மேல் ஏறிவிடும் என்பதை யோசித்தபோதுதான் வழக்கு தீர்ந்தது. ஒருவர் பார்த்தது தீபாவளிக்குப் புதுசாக வந்த பெட்டி, மற்றவர் பார்த்தது ஓடித் தேய்ந்த பெட்டி. இப்போது அரக்கு கலக்கும்முன் கேட்டுக்கொள்கிறோம்: ஒர்க்‌ஷாப்பை விட்டு வந்து எத்தனை மாசம் ஆன வண்டி உங்களுக்கு வேண்டும்?