மழைக்கு முன் ஒரு இண்டென்ட்

2015 டிசம்பரில் அடையாறு பெருகி முடிச்சூர் மூழ்கியபோது, மொட்டைமாடியில் இருந்த எங்களுக்குப் படகில் பால், பிரெட், போர்வை எல்லாம் வந்தன. பக்கத்து வீட்டுத் தம்பிக்கு வேண்டியது மட்டும் வரவில்லை.

பைக் விபத்தில் முதுகுத்தண்டில் அடிபட்டவர் அவர். மூளைக்கும் சிறுநீர்ப்பைக்கும் உள்ள நரம்புத் தொடர்பு கெட்டால், பை நிறைந்தது தெரியாது. சரியாகக் காலியாகவும் ஆகாது. நாலு முதல் ஆறு மணிக்கொரு தரம் மெல்லிய குழாய் விட்டு எடுக்க வேண்டும். புதுச்சேரியில் பிரெஞ்சில் படித்த எனக்கு அது 'சோந்த்', மருந்துக்கடையில் 'கதீட்டர்'. சிறுநீர் தேங்கினால் தொற்று வரும், சிறுநீரகமும் கெடும்.

1972-ல் அமெரிக்க டாக்டர் ஜாக் லாப்பிடஸ், சோப்புப் போட்டுக் கை கழுவிச் சுத்தமாகச் செய்தாலே போதும் என்று காட்டினார். அதனால்தான் இதை வீட்டிலேயே செய்ய முடிகிறது. வெள்ளத்தில் கிடைக்காதது அந்தச் சுத்தமான தண்ணீர்தான்.

தம்பி குழாயை மிச்சம் பிடிக்கத் தண்ணீர் குடிப்பதைக் குறைத்தார். மூன்றாம் நாள் குளிர்ஜுரம். பத்து நாள் ஆஸ்பத்திரி.

குமாஸ்தா கணக்கு இது: நாளைக்கு ஐந்து தரம் என்றால் மாதம் 150. கசிவுக்கு டயப்பர், ஜெல், விரிப்பு தனி. டயப்பருக்கு ஜிஎஸ்டி 2025 செப்டம்பரில் 12-லிருந்து 5 சதவீதம் ஆனது, நல்லது. ஆனால் இந்தச் செலவுக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது.

பக்கவாதம், நீரிழிவு உள்ள நம் வயதினருக்கும் இது வரலாம். வெட்கப்பட்டு வாய் திறக்காததால்தான் நிவாரணப் பட்டியலில் இது ஏறுவதில்லை. ஐப்பசி பிறக்குமுன் பதினைந்து நாள் சரக்கை பிளாஸ்டிக் பையில் கட்டி மாடியில் வையுங்கள். குடியிருப்போர் சங்கத்திலும் கூச்சப்படாமல் எழுதிக் கொடுங்கள்.