துருப்பிடித்த சிலிண்டருக்கு ரப்பர் கிட் போதாது

டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் நம் ஊர்ச் சாலையில் அபூர்வம். அதற்கு அண்ணன் முறையான ஹெரால்டு அப்படியல்ல; 1961 முதல் சென்னையிலேயே ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் கட்டிய கார். அந்த ஹெரால்டின் சேசிஸைக் குறுக்கித்தான் இங்கிலாந்தில் 1962-இல் ஸ்பிட்ஃபயரைச் செய்தார்கள். இரண்டுக்கும் பிரேக் நோய் ஒன்றே. காட்டுப்பாக்கத்தில் மழைக்காலம் முழுக்கக் கொட்டகையில் நிற்கும் பழைய வண்டியில், பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை மெல்ல உறிஞ்சிக்கொள்கிறது. மாஸ்டர் சிலிண்டருக்குள் பிஸ்டன் போய்வரும் பகுதி வழவழப்பாகவே இருக்கும். அது எட்டாத உட்சுவரில் துரு குழிகுழியாக அரித்திருக்கும். மெக்கானிக் ரப்பர் கிட் மாற்றி, ஏர் எடுக்கப் பெடலைத் தரைவரை மிதிக்கிறார். கிட்டில் வந்த புது ரப்பர் வாஷரின் உதடு அந்தத் துருவின் மேல் ஏறி இறங்குகிறது. சில நாளில் பெடல் மறுபடி கீழே போனதும், டூப்ளிகேட் கொடுத்துவிட்டான் என்று கடைக்காரருக்குத் திட்டு விழும். பாவம், அவர்.

ஆகவே சீர்செய்ய வேண்டியது உட்சுவரை. லேசான துருவுக்கு, சுவரைத் தேய்த்து வழவழப்பாக்கும் ஹோனிங் போதும். ஆழமான குழி மறையும்வரை தேய்த்தால் துளை பெருத்து, வாஷர் இறுக்கமாக உட்காராது. அங்கே ஸ்லீவ்தான் வழி: துளையைப் பெரிதாகக் கடைந்து, பித்தளை அல்லது துருப்பிடிக்காத எஃகுக் குழாயை அழுத்திப் பொருத்தி, உள்ளே பழைய அளவுக்கே முடிப்பது. அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் பட்டறைக்குப் பஞ்சமில்லை. பிரேக் பாகங்கள் செய்யும் பிரேக்ஸ் இந்தியாவும் பாடியில் 1962-இலேயே வந்துவிட்டது. இத்தனை பாடு எதற்கு, வேறொரு காரின் மாஸ்டர் சிலிண்டரை மாட்டிவிடலாமே என்பார்கள். துளை அளவு ஒத்தால் மாட்டலாம். ஐந்தெட்டு அங்குலத் துளை இருந்த இடத்தில் முக்கால் அங்குலம் வந்தால் பிஸ்டனின் பரப்பு 44 சதவீதம் கூடும். அதே மிதிக்கு ஆயிலின் அழுத்தம் ஏறக்குறைய 30 சதவீதம் குறையும். பெடல் கெட்டியாகத் தெரியும், வண்டியோ நிற்கத் தாமதிக்கும். கெட்டிப் பெடலை நல்ல பிரேக் என்று நம்புகிறவர்கள் இதில்தான் ஏமாறுகிறார்கள்.

உயிர் சம்பந்தப்பட்ட இடத்தில் ஒட்டுவேலையா என்ற ஆட்சேபம் இதைவிடக் கனமானது. நான்கு சக்கரத்துக்கும் ஒரே ஆயில் லைன் ஓடும் 1960-களின் வண்டியில், ஒரு வாஷர் கிழிந்தால் கைப்பிரேக்தான் மிச்சம். நல்ல புதுச் சிலிண்டர் கிடைத்தால் அதையே வாங்குங்கள். ஆனால் வருடக்கணக்கில் அலமாரியில் கிடந்த ‘புது’ச் சிலிண்டரில் ரப்பர் காய்ந்திருக்கும், சுவரில் துருவும் இருக்கலாம். ஸ்லீவ் வேலையிலும் தப்பு நடப்பதுண்டு. பல மாஸ்டர் சிலிண்டர்களில், ஆயில் டப்பாவுக்குத் திரும்ப ஊசித்துளை ஒன்று இருக்கும். ஸ்லீவில் அதைத் துளைத்தபின் உட்புறப் பிசிறை எடுக்காவிட்டால் வாஷர் கிழியும். துளைக்கவே மறந்தால் பிரேக் பிடித்தது விடாது. வண்டியில் ஏற்றுமுன் மேசையிலேயே அழுத்தம் கொடுத்து, கசிகிறதா என்று பார்த்துத் தரும் பட்டறைக்கே இந்த வேலையைக் கொடுக்கலாம். அதற்குக் கூடுதல் கூலி கேட்டால் பேரம் பேசவேண்டாம்.